மூடிய கடன் பத்திரத்தைத் திறந்தவர்கள் மீது

அனுப்புநர்:
ஹெக்டர் லாமண்ட்,
கப்பல் கட்டும் தளத்தில் தகடு பொருத்துநர் (ஓய்வு),
இரண்டாம் மாடி, இடப்பக்க வீடு,
பேல்ஃபோர் தெரு, போர்ட் கிளாஸ்கோ.

பெறுநர்:
கடன் தீர்வுப் பத்திரங்களின் மேற்பார்வை அதிகாரி அவர்கள்,
எடின்பரோ.

பொருள்: நான்கு ஆண்டுகளுக்கு முன் முடித்து எங்களை விடுவித்த கடன் தீர்வுப் பத்திரத்தை, காப்பீட்டுப் பணம் திரும்பி வரும் நேரம் பார்த்து மறுபடி திறந்தது, அதற்கு என் சம்மதம் இருப்பதாகக் காட்டுவது ஆகியவை குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்த மனுவை நான் சொல்லச் சொல்ல நூலகத்தில் பணிபுரியும் திருமதி ஐலீன் பெடி எழுதுகிறார். வார்த்தையை அழகுபடுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். சில இடங்களில் அவர் என்னைக் கேட்காமல் அழகுபடுத்தியிருக்கலாம் என்ற சந்தேகமும் எனக்கு உண்டு. அதைத் தாங்கள் பொறுத்தருள வேண்டும்.

2. தளத்தில் எனக்கு வேலை போன பிறகு, சன்னல் மாற்றவும் குளிர்பதனப் பெட்டி வாங்கவும் என் மனைவி மோராக் என் பெயரில் வங்கியில் கடன் எடுத்தாள். அந்தக் கடனோடு ஒரு காப்பீட்டையும் சேர்த்துவிட்டார்கள். எனக்கு வேலை போனால் அது தவணையைக் கட்டுமாம். வேலையே இல்லாதவனுக்கு அதை விற்றவர் எந்த முகத்தோடு விற்றார் என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன். பிறகு அந்தக் கடனை அடைக்க வேறு கடன் என்று போய், கதவு தட்டும் சத்தம் கேட்டால் மோராக் விளக்கை அணைத்துவிட்டு, "யோவ், மூச்சு விடாதய்யா" என்று என் வாயைப் பொத்தும் நிலைக்கு வந்தோம்.

3. 2008-ஆம் ஆண்டு பென்மூர் பொறுப்பாளர் நிறுவனத்தின் மூலம் கடன் தீர்வுப் பத்திரம் எழுதினோம். எங்களால் முடிந்ததை நான்கு ஆண்டு மாதாமாதம் கட்டுவது, நிறுவனம் அதைக் கடன்காரர்களுக்குப் பங்கிடுவது, மீதியை அவர்கள் விட்டுக்கொடுப்பது என்பது ஏற்பாடு. எனக்கு எழுதத் தெரியாததால் சமாதான நீதிபதி ஒருவர் வீட்டுக்கு வந்து, பத்திரம் முழுவதையும் வாசித்துக் காட்டி, என் முன்னிலையில் எனக்காக ஒப்பமிட்டார். நடுவில் தொண்டை கட்டிக்கொண்டு தண்ணீர் வாங்கிக் குடித்தாரே தவிர ஒரு வரியையும் விடவில்லை. கடைசிப் பங்கு கொடுக்கப்பட்டதும் இந்த ஏற்பாடு முடிவுக்கு வரும் என்று அவர் வாசித்தது இன்னும் என் காதில் இருக்கிறது.

4. 2012-இல் கடைசிப் பங்கு கொடுத்தாகிவிட்டது என்றும், நாங்கள் விடுவிக்கப்பட்டோம் என்றும் கடிதம் வந்தது. மோராக் அதை இரண்டு முறை வாசித்துக் காட்டினாள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய் வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் ஊறுகாய் வெங்காயமும் வாங்கி வந்தாள். அன்று முதல் யார் தட்டினாலும் அவளே போய்க் கதவைத் திறந்தாள்.

5. இந்தப் பிப்ரவரியில் பென்மூர் நிறுவனத்தின் திரு. டாரன் பிரிங்கிள் என்பவர் வந்தார். மோராக் தேவாலயத்துக்குப் போயிருந்தாள். அவர் கோட்டைக் கழற்றவில்லை, தேநீர் வேண்டாம் என்றார், பையை மடியிலேயே வைத்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் இந்த மூன்றையும் சேர்த்துச் செய்பவரை யாரும் நம்புவதில்லை. "பெரியவரே, நல்ல சேதி! அந்தப் பழைய காப்பீட்டத் தப்பா வித்துட்டோம்னு வங்கி பணத்தத் திருப்பித் தருது. ரெண்டாயிரத்து எண்ணூறு பவுண்டு" என்றார். வங்கியிலிருந்து எங்களுக்கே அப்போது தகவல் வரவில்லை. மோராக் அப்படித்தான் சொல்லியிருந்தாள். எங்களுக்குத் தெரியாதது, எங்களை விட்டுப் போய் நான்கு ஆண்டு ஆனவருக்கு எப்படித் தெரிந்தது என்பதை விசாரிக்க வேண்டுகிறேன்.

6. ஒரு தாளை எடுத்து வாசித்துக் காட்டுவதாகச் சொன்னார். எனக்கு எழுத்துத் தெரியாதே தவிர, இரண்டு பக்கம் ஒன்றாகப் புரளும் சத்தம் தெரியும். "என்ன தம்பி, ஒரு பக்கம் ஒட்டிக்கிச்சா?" என்று கேட்டேன். "அதுல ஒண்ணும் இல்ல, எல்லாம் சும்மா சட்டப் பேச்சு" என்றார். பிறகு தொகை இருந்த இடத்தில் விரலை வைத்து, "இது உங்க பேர்ல வந்த பணம்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப இதுக்குப் பக்கத்துல உங்க அடையாளத்தப் போடுங்க" என்றார்.

7. இந்த இடத்தைத் தாங்கள் கவனிக்க வேண்டும். எங்கள் தளத்தில் ஒவ்வொருவனுக்கும் ஒரு சுண்ணக்கட்டி அடையாளம் இருந்தது. என்னுடையது வாலில்லாத மீன். பொருத்திய தகட்டில் அவனவன் தன் அடையாளத்தைப் போடுவான், அளவுக்காரர் வந்து அதைப் பார்த்து எழுதிக்கொள்வார், அந்த வேலைக்கான கூலி அவனுக்குப் போகும். அடுத்தவன் வேலையில் அடையாளம் போட்டவனைத் தளத்தில் ஒருவரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே இது என் பணம் என்று சொல்லத்தான் அந்தத் தொகையின் பக்கத்தில் மீனைப் போட்டேன். அடையாளத்தைப் போட்டுத் தன் பொருளை விட்டுக்கொடுத்தவனை என் ஆயுளில் நான் கண்டதில்லை. திரு. பிரிங்கிள் அந்த மீனைப் பார்த்துச் சிரித்து, "சூப்பர்" என்று சொல்லிவிட்டு, படியில் வேகமாக இறங்கிப் போனார்.

8. பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. பத்திரம் மறுபடி திறக்கப்பட்டது, என் சம்மதப்படி காப்பீட்டுப் பணம் நிறுவனத்தைச் சேரும், எங்கள் வரவு செலவை மறுபடி எழுதித் தர வேண்டும் என்று மோராக் வாசித்தாள். பத்திரத்துக்கு நீதிபதி தேவைப்பட்டது, அதைத் திறக்க மட்டும் ஒரு மீன் போதுமா ஐயா?

9. நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். பணம் யாருக்குப் போகும் என்று கேட்டேன். எடுத்த பெண், "உங்க கடன்காரங்களுக்குத்தான் சார். அதுல பெரிய பங்கு வங்கிக்கு" என்றாள். காப்பீட்டை எங்கள் தலையில் கட்டிய அதே வங்கியா என்றேன். ஆமாம் என்றாள். "எங்க செலவு போக மீதிதான் சார் போகும்." செலவு எவ்வளவு என்றேன். "அது இன்னும் முடிவாகல சார்." "செலவு எவ்வளவுன்னு முடிவாகல, அத மொதல்ல எடுக்கணும்னு மட்டும் முடிவாயிடுச்சாம்மா?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். நல்ல பெண் போலிருக்கிறது. பிறகு இணைப்பு அறுந்தது. தானாக அறுந்ததா என்பது எனக்குத் தெரியாது. ஆக, தவறாக வாங்கிய பணத்தை வங்கி ஒரு பையிலிருந்து எடுத்து மறு பையில் போட்டுக்கொள்ளும், நடுவில் பென்மூர் நிறுவனம் கையை நனைத்துக்கொள்ளும் என்பதே நான் விளங்கிக்கொண்டது.

10. இனிச் சொல்லப் போவது மனுவில் வர வேண்டாம் என்று திருமதி பெடி சொன்னார். வர வேண்டும் என்று நான் சொன்னேன். எனக்கு வரும் கடிதங்களை நாற்பத்தாறு ஆண்டுகளாக மோராக்தான் வாசிக்கிறாள். இப்போது தபால்காரர் மேலே வருமுன் அவள் கீழே இறங்கிப் போய் நிற்கிறாள். ஏறி வரும்போது முதல் மாடித் திருப்பத்தில் அவள் கால் நிற்கிறது, அங்கேயே பிரித்துத் தனக்குள் படித்துவிடுகிறாள் போலிருக்கிறது. பிறகு வீட்டுக்குள் வந்து எனக்கு வாசிக்கிறாள். அவள் மூச்சு எடுக்கும் இடங்கள் எனக்குப் பழக்கம். இப்போது வாக்கியம் முடியாத இடத்தில் அவள் மூச்சு முடிகிறது. "எல்லாத்தையும் படிச்சியாம்மா?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். "என் படிப்புல நம்பிக்கையில்லன்னா நீயே படிச்சுக்கோய்யா" என்று கடிதத்தை என் மடியில் எறிந்தாள். மறுபடி யார் தட்டினாலும் விளக்கை அணைக்கிறாள். வங்கியின் கடிதம் திரு. பிரிங்கிளுக்கு முன்பே வந்து, பழைய பயத்தில் அவள் அதை ஒளித்து வைத்தாளா என்பதும் எனக்குத் தெரியவில்லை. அவளைச் சந்தேகிக்கும்படி என்னைச் செய்ததுதான் பென்மூர் நிறுவனத்தின் மீது என் பெரிய புகார். அதற்கு எந்தச் சட்டப் பிரிவு உண்டு என்று தாங்கள்தான் பார்க்க வேண்டும்.

11. எனவே, கடைசிப் பங்கு கொடுத்து முடிந்த பத்திரத்தைத் திறக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டா என்று தாங்கள் தீர விசாரித்து, இல்லையெனில் அதை மூடவும், வாசித்துக் காட்டாமல் வாங்கிய என் அடையாளத்தைச் செல்லாது என்று அறிவிக்கவும், தீர்ப்பாகும் வரை அந்தப் பணத்தில் யாரும் கைவைக்காதபடி உத்தரவிடவும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். தங்கள் அலுவலகத்துக்கும் பென்மூர் நிறுவனத்துக்கும் பழக்கம் உண்டோ என்று நான் இங்கே கேட்கவில்லை. இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

12. பதில் அனுப்புவது பற்றி ஒரு வேண்டுகோள். பத்திரம் திறந்தே இருக்கும் என்பது தங்கள் முடிவானால், அதை என் பெயரிட்டு நூலகத்துக்கு அனுப்பவும். நான் போய்க் கேட்டுக்கொள்கிறேன், வீட்டில் சொல்ல மாட்டேன். மூடியாயிற்று என்பது முடிவானால், உறையில் என் பெயர் வேண்டாம். திருமதி மோராக் லாமண்ட் என்று எழுதி வீட்டுக்கே அனுப்பவும். அவளே பிரித்து முதலில் தனக்கு வாசித்துக்கொள்ளட்டும். பிறகு எனக்கு வாசிக்கும்போது எதையும் விட மாட்டாள்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
ஹெக்டர் லாமண்ட்

(மனு முழுவதும் மனுதாரருக்கு வாசித்துக் காட்டப்பட்டு, அவர் முன்னிலையில் அவருக்காக ஒப்பமிட்டவர்: ஆங்கஸ் டெல்ஃபர், சமாதான நீதிபதி.)

இடம்: போர்ட் கிளாஸ்கோ
நாள்: 14 மார்ச் 2016