பின்தளத்துப் பீரங்கிகள்

1963 மார்ச் 4, சான் டியேகோ

இன்றும் 'வெற்றி'யாம். ஆளில்லாத குறி விமானம் நேர்கோட்டில், அவசரமே இல்லாமல் வந்தது. எங்கள் ஏவுகணை அதன் பக்கத்தில் போனது. பக்கத்தில் போனாலே வீழ்த்தியதாகக் கணக்கு. குறி விமானம் விலை அதிகம் என்று ஏவுகணையில் வெடிமருந்து வைப்பதில்லை. விமானம் பாராசூட்டில் இறங்கியது, படகில் போய் அள்ளி வந்தோம். கப்பலின் பக்கவாட்டில் இன்னொரு விமானப் படம் வரைந்தார்கள். இந்த விமானத்துக்கு இது மூன்றாவது சாவு.

பீரங்கிப் பிரிவின் ஸ்டம்ஃப் கேட்டார்: "சார், நாளைக்கும் இவனையேதான் கொல்லப் போறீங்களா? பாவம், ஒரு நாள் லீவு குடுங்க."

ஏவுகணை அதிகாரி நான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 11

சுடுவதற்கு முன்னால் ஏவுகணை செய்த கம்பெனியின் ஆட்கள் வந்து ஒவ்வொரு இணைப்பையும் துடைத்து, சோதித்து, தாலாட்டுகிறார்கள். அவர்கள் இறங்கியதும் உப்புக்காற்று வேலையைக் காட்டுகிறது. எங்கள் பையன்களுக்குத் திறந்து பார்க்கக்கூட அனுமதியில்லை. போர் வந்தால் கம்பெனிக்குத் தந்தி அடிப்பதா?

மார்ச் 19

ஜூனில் எங்கள் கப்பலின் பின்தளத்துப் பீரங்கிகளைக் கழற்றிவிட்டு இன்னொரு ஏவுதளம் வைக்கப் போகிறார்களாம். ஆகஸ்டில் ஜப்பான் பக்கம் பயணம். நான் பெருமைப்பட வேண்டும். முடியவில்லை. நிஜமான எதிரி தாழப் பறந்து வந்தால் ஏவுகணை மட்டும் போதுமா? கப்பலில் எத்தனை உயிர்!

ஏப்ரல் 2

கேப்டன் ஹேவர்ட்டியிடம் போனேன். கம்பெனி ஆட்கள் இல்லாமல், முன்னறிவிப்பில்லாமல், தாழ்வாக வளைந்து வரும் குறியைச் சுட்டுப் பார்ப்போம் என்றேன்.

"உன் பிரிவு தோக்கணும்னு நீயே வந்து கேக்கறியா?"

"தோக்கறதா இருந்தா இங்கயே தோத்துடலாம், சார்."

காபியை ஆறவிட்டு என்னையே பார்த்தார். பிறகு மேஜைமேல் இருந்த காகிதங்களைப் புரட்ட ஆரம்பித்தார்.

ஏப்ரல் 9

இன்னும் பதில் இல்லை.

ஏப்ரல் 23

திடீரென்று இன்று காலை கேப்டன் உத்தரவு போட்டார். முதல் ஏவுகணை கிளம்பித் தலைகுப்புறக் கடலில் விழுந்தது. இரண்டாவது அசையவே இல்லை. குறி எங்களை நோக்கி வருது — என்ன பண்றது, என்ன பண்றது — யாரையும் கேட்காமல் ஒலிபெருக்கியில் கத்திவிட்டேன்: "ஸ்டம்ஃப், அடிங்க!"

பாதி குண்டுகள் வீண். ஆனால் விமானம் எரிந்து விழுந்தது. அள்ளி வர ஒன்றும் மிஞ்சவில்லை. பீரங்கிக்காரர்கள் தொப்பியைத் தூக்கி எறிந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. நான் சொன்னதுதான் நடந்தது. ஆனாலும் கடலில் விழுந்தது என் ஏவுகணை இல்லையா?

ஏப்ரல் 26

தலைமையகத்திலிருந்து கமாண்டர் ப்ரூவெட் வந்தார். "ஏவுகணைக் கப்பல்ல பீரங்கியால சுடச் சொன்ன புத்திசாலி யாரு?"

கையைத் தூக்கினேன்.

"சொந்தக் கடைல உக்காந்துக்கிட்டு எதிர்க்கடைக்கு ஆள் பிடிக்கிறியே, தம்பி!"

கேப்டன் வாயே திறக்கவில்லை. அந்த ஆளுக்கு நாக்கு எங்க போச்சு? கேட்டதுக்கு ஒத்துக்கிட்டவர் அவர்தானே!

மே 30

என்னைக் கரைக்கு மாற்றிவிட்டார்கள். உதிரிபாகக் கிடங்கு. பதவி உயர்வு இனி கனவுதான். என் மனைவி லொரீன் என் தட்டில் இன்னொரு இறைச்சித் துண்டு வைத்தாள்.

ஆகஸ்ட் 6

மாற்றலுக்குப் பிறகு துறைமுகம் பக்கமே போகவில்லை. இன்று கப்பல் கிளம்புகிறது என்று லொரீன்தான் இழுத்துக்கொண்டு போனாள்.

"உங்கள விட்டுட்டுப் போறாங்களே," என்றாள்.

கப்பல் மெல்லத் திரும்பியது. பின்தளத்தில் பீரங்கிகள் அப்படியே இருந்தன. கழற்றினால் வேறு கேப்டனைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஹேவர்ட்டி சொல்லிவிட்டாராம். பக்கத்தில் நின்ற கப்பல்கட்டும் தளத்து ஆள் இதைச் சொல்லிச் சலித்துக்கொண்டான்.

"பீரங்கிய விட்டுட்டுப் போகல, பாரு," என்றேன் லொரீனிடம்.