அக்காவின் கொத்து

பிப்ரவரி 9

கழுத்து வலி விடவில்லை. நாற்காலி மாற்றித் தரச் சொல்லி ஆண்டுக் கணக்காகக் கேட்கிறேன். அலுவலகத்தில் தலையாட்டுகிறார்கள், அதோடு சரி.

என் வீட்டுக்காரருடைய மருந்துக்கடைக்கு வரும் ஒரு அம்மா கேட்டாராம்: "உங்க வீட்ல ராத்திரி பூரா தொலைநோக்கியில வானத்தப் பாத்துக்கிட்டே இருப்பாங்களாமே?" இவர் சொன்னாராம்: "பத்து மணிக்கெல்லாம் குறட்டை சத்தம் கேக்கும்ங்க." சிரித்தேன். உண்மைதான். தொலைநோக்கியில் கண் வைத்தே பல வருடம் ஆகிறது. செயற்கைக்கோள் அளந்து கொடுத்த எண்களோடுதான் காலையிலிருந்து மாலை வரை குடும்பம் நடத்துகிறேன்.

இன்று நான்கு விண்மீன் கொத்துகளைச் சரிபார்த்து முடித்தேன். நான்கும் உண்மையானவை.

பிப்ரவரி 12

குழுத் தலைவருக்கு அவசரம். பழைய பட்டியல்களில் விண்மீன் கொத்து என்று பதிவாகியிருக்கும் எல்லாவற்றையும் ஒரு முறை சரிபார்த்துக் கட்டுரையாக வெளியிட வேண்டும். யோசனை எளிமையானதுதான். ஒரே வாயு மேகத்தில் ஒன்றாகப் பிறந்த விண்மீன்கள் ஒன்றாகவே நகரும் - ஒரே திசை, ஒரே வேகம், ஏறக்குறைய ஒரே தூரம். மாடியிலிருந்து பார்த்தால் சிக்னலில் நிற்கும் கூட்டம் ஒரே குடும்பம் போலத்தான் தெரியும். விளக்கு மாறியதும் யார் யாரோடு போகிறார்கள் என்று பார்த்தால்தான் குடும்பம் எது, கூட்டம் எது என்று புரியும். அந்த வேலைதான் என்னுடையது.

அடுத்த வாரத்துப் பகுதியில் அக்காவின் கொத்து வருகிறது. அதை ஆசையாக வைத்திருக்கிறேன்.

அக்கா மாணவியாக இருந்தபோது கண்டுபிடித்தது. பட்டியலில் அதற்கு ஒரு எண் உண்டு. எங்கள் வீட்டில் 'அக்காவின் கொத்து' என்றால்தான் தெரியும். அம்மா சொந்தக்காரர்களிடம், "பெரியவளுக்குச் சொந்தமா ஒரு நட்சத்திரம் இருக்கு" என்பாள். "ஒண்ணு இல்லம்மா, ஒரு கூட்டமே இருக்கு" என்று அக்கா திருத்தியதிலிருந்து, "ஒரு கூட்டமே இருக்கு" என்கிறாள். நான் இந்தத் துறைக்கு வந்ததே அக்கா பின்னால்தான். எங்கே போனாலும் முதல் கேள்வி, "அவங்க தங்கச்சியா நீங்க?"

பிப்ரவரி 17

அக்காவின் கொத்தை நிரலில் போட்டேன். ஒன்றும் இல்லை.

விண்மீன்கள் நகரும் திசையையும் வேகத்தையும் புள்ளிகளாகக் காட்டும் நகர்வுப் படத்தில், உண்மையான கொத்து என்றால் ஒரு இடத்தில் புள்ளிகள் குவிந்து நிற்கும். இங்கே கடுகைத் தரையில் கொட்டியது போல் இருக்கிறது. எங்கோ தப்பு செய்திருக்கிறேன்.

பிப்ரவரி 18

தப்பு செய்யவில்லை.

இதே நிரலில் பக்கத்துக் கொத்து ஒன்றைப் போட்டேன். அழகாகக் குவிந்தது. அக்காவுடையதில் தேடும் வட்டத்தின் ஆரத்தைக் கூட்டினேன், குறைத்தேன், மங்கலான விண்மீன்களை நீக்கினேன், மறுபடி சேர்த்தேன். தூரம் பார்த்தேன் - சில நமக்கு அருகே, சில அதைவிடப் பல மடங்கு தொலைவில். ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லை. அங்கே விண்வெளித் தூசியில் ஒரு இடைவெளி இருக்கிறது, அவ்வளவுதான். சுற்றிலும் தூசி மறைக்க, அந்த ஜன்னல் வழியே தெரிகிறவை நெருக்கமாகத் தெரிகின்றன.

அக்காவின் பழைய கட்டுரையை எடுத்துப் படித்தேன். நிறத்துக்கு எதிராகப் பிரகாசத்தைப் போட்ட அந்தப் படம் அவ்வளவு சுத்தமாக இருக்கும். ஒரே வயது விண்மீன்கள் அதில் ஒரு கோடாக விழும்; அந்தக் கோடு வளைந்து திரும்பும் இடத்தை வைத்து வயது சொல்லியிருப்பாள். இன்றுதான் கவனித்தேன்: கோட்டுக்கு அருகில் இருந்தவற்றை மட்டும் உறுப்பினர் என்று எடுத்துக்கொண்டு, பிறகு அவற்றின் மேல் கோட்டைப் பொருத்தியிருக்கிறாள். பொருந்தாமல் என்ன செய்யும்? அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். வேறு வழி இருக்கவில்லை.

ஒன்றை எழுதியாக வேண்டும், இங்கேகூட எழுதாவிட்டால் வேறு எங்கே எழுதுவேன். தப்பு என்னுடையதில்லை என்று உறுதியான அந்த நொடியில் - சந்தோஷமாக இருந்தது. ஒரே ஒரு நொடி. பிறகு அக்காவின் கட்டுரையை மூடி வைத்தேன்.

பிப்ரவரி 20

இவரிடம் சொன்னேன். "போன எடு, சொல்லு, வை" என்றார். மருந்துச் சீட்டு படிப்பது போல எல்லாமே இவருக்கு ஒரு வரி.

"அவ துறைத் தலைவர் ஆகியிருக்கா. அவளோட மாணவி ஒருத்தி ஆய்வேடே இந்தக் கொத்தை வச்சுத்தான் பண்றா. நான் எப்படிங்க சொல்றது?"

"நீ சொல்லலன்னா அது கொத்தாயிடுமா?"

கோபமாக வந்தது. தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

பிப்ரவரி 24

அட்டவணையிலிருந்து அந்த வரிசையை எடுத்துவிட்டேன். இத்தனை நூறு வரிசையில் ஒன்று குறைந்தால் யார் எண்ணப் போகிறார்கள்? தப்பாக எதையும் எழுதவில்லையே, எழுதாமல்தானே விட்டேன். வரைவை இந்தத் துறையில் இருக்கும் எல்லோருக்கும் அனுப்பியாயிற்று.

தூக்கம் சரியில்லை.

மார்ச் 2

யார் எண்ணப் போகிறார்கள் என்று எழுதினேன் அல்லவா. அக்கா எண்ணினாள்.

மதியம் போன். குரலில் அவ்வளவு உற்சாகம். "குட்டி, வரைவு பாத்தேன். பிரமாதம்டி. என்னோடது மட்டும் காணோமே? சொந்தம்னு சலுகை காட்டக் கூடாதுன்னு விட்டுட்டியா?"

"இல்லக்கா... அந்தப் பக்கம் தூசி அதிகம். விண்மீனெல்லாம் மங்கல். செயற்கைக்கோள் தரவுல பிழை ஜாஸ்தியா வருது. ஒண்ணும் சொல்ல முடியல."

"அப்படியா? சரி சரி. அது எனக்கு நல்லதுதான்."

எனக்கு நல்லதுதான் என்று ஏன் சொன்னாள்? கேட்கவில்லை. வைத்துவிட்டேன். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். சரளமாக வேறு வந்தது.

மார்ச் 4

கொத்துகள் ஏழு. எல்லாம் உண்மை. எதிலும் மனம் ஒட்டவில்லை.

மார்ச் 11

ஐயோ.

அக்கா ஒரு விண்ணப்பத்தின் நகலை அனுப்பியிருக்கிறாள். பெரிய தொலைநோக்கியில் நேரம் கேட்டு. அவள் கொத்திலுள்ள ஒவ்வொரு விண்மீனின் ஒளியையும் பிரித்து, அது நம்மை நோக்கி வருகிறதா விலகுகிறதா என்று அளக்கும் திட்டம். போன வாரமே சமர்ப்பித்துவிட்டாளாம். இரண்டாம் பக்கத்தில்: இந்தப் பகுதியில் செயற்கைக்கோள் தரவு முடிவு சொல்லப் போதாது, ஆகவே தரையிலிருந்து அளப்பது அவசியம் - என்று எழுதி, அதற்கு ஆதாரமாக அடைப்புக்குள் என் பெயர். 'தனிப்பட்ட தகவல்.'

என் பெயர். அச்சில். என் பொய்.

நாங்கள் ஒருவர் சொன்னதை இன்னொருவர் இப்படித்தான் எடுத்து எழுதுவோம். அச்சில் வராததைக்கூட, ஆள் நம்பகமானவர் என்றால் பெயர் போட்டால் போதும். தேர்வுக் குழுவில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் நேரம் கொடுப்பார்கள். கொடுத்தால் அந்த மாணவி இரண்டு வருடம் இல்லாத ஒன்றை அளந்துகொண்டிருப்பாள். கடைசியில் வேறு யாராவது வெளியிடுவார்கள், எல்லோரும் அக்காவைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவளுக்குப் பக்கத்தில் என் பெயர் இருக்கும்.

தேர்வுக் குழு வெள்ளிக்கிழமை கூடுகிறது. அதற்கு முன் திரும்பப் பெற்றால் ஒன்றுமில்லை.

மார்ச் 12

போனை எடுத்தேன். வைத்தேன். எடுத்தேன். அம்மா எடுத்தாள். அவள் இப்போது அக்கா வீட்டோடுதானே இருக்கிறாள். "அவ குளிக்கிறா. என்ன விஷயம், குரல் ஒரு மாதிரி இருக்கு?" ஒன்றுமில்லை என்றேன். "ஒண்ணுமில்லாததுக்கு நீ எப்பவும் போன் பண்ண மாட்டியே" என்றாள்.

எனக்கு என்னதான் பயம்? அவள் திட்டுவாள் என்றா? இல்லை. நான் சந்தோஷப்பட்டேன் என்று அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்று. சின்ன வயதிலிருந்தே என் முகத்தை எழுத்துக்கூட்டாமல் படிக்கிறவள்.

மார்ச் 13

ரயிலேறிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன், நாளைக்கு மாற்றிச் சொல்லிக்கொள்ள மனசு வரும்.

அக்காவின் அலுவலக அறையில் இரண்டு திரைகள், மேசை முழுக்கக் கையெழுத்துக்குக் காத்திருக்கும் காகிதங்கள். "என்னடி சொல்லாம கொள்ளாம?" என்று எழுந்து வந்து தோளைப் பிடித்தாள். நான் உட்காரக்கூட இல்லை. மடிக்கணினியைத் திறந்து நகர்வுப் படத்தைக் காட்டினேன். "உன்னோடது, அக்கா" என்றேன்.

ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"ஆரம் எவ்வளவு எடுத்த?"

"நீ போட்டதுல ரெண்டு மடங்கு வரைக்கும்."

"மங்கலானதை வெட்டினியா?"

"வெட்டியும் பாத்தேன், வெட்டாமயும் பாத்தேன்."

"பிழை?"

"பிழையெல்லாம் சின்னதுதான்க்கா. தரவு நல்லாவே இருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவளுக்கு உடனே உறைத்துவிட்டது.

"நான் போன் பண்ணப்ப இது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கொத்து இல்லன்னா இல்ல. இந்தத் துறையில அது நடக்கிறதுதான். ஆனா நீ சொன்னத அப்படியே நம்பி, ஒரு வார்த்தை திருப்பிக் கேக்காம, எழுதி அனுப்பிச்சேன். வேற யார் சொல்லியிருந்தாலும் படத்தக் காட்டுன்னு கேட்டிருப்பேன்."

"அக்கா, நீ வருத்தப்படுவேன்னுதான்..."

"எனக்காகவா?" என்று என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் கீழே பார்த்தேன்.

"கிளம்பு. ரயிலுக்கு நேரமாச்சு."

நேரம் ஆகவில்லை. ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பாட்டி தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அழுதுகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

மார்ச் 15

விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுவிட்டாள். அறிவிப்பு மின்னஞ்சலின் நகல் வந்தது. அவளிடமிருந்து ஒரு சொல்கூட இல்லை.

மார்ச் 16

வரிசையை அட்டவணையில் சேர்த்தேன். 'கொத்து அல்ல.' குழுத் தலைவரிடம் ஏன் விட்டுப்போனது என்பதையும் சொன்னேன், மறைக்கவில்லை. அவர் பேனாவைச் சுழற்றிக்கொண்டிருந்தார். "மத்த வரிசையெல்லாம் நான் எப்படி நம்புறது?" என்றார். எல்லாவற்றையும் இன்னொருவர் முதலிலிருந்து சரிபார்க்கப் போகிறார். நியாயம்தான். நியாயம் என்பதால் வலி குறையவில்லை.

மார்ச் 27

அம்மா போன். "ரெண்டு பேருக்கும் என்னடி? அவளக் கேட்டா நட்சத்திரம்ங்கிறா. நீயும் நட்சத்திரம்ங்கிற. அது இருந்தா இருக்கட்டும், இல்லன்னா போகட்டும். அது நம்ம வீட்டுக்கு வந்து சோறா கேக்குது?"

சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடம், "அக்கா சாப்பிடுறாளாம்மா?" என்று கேட்டேன். "அத அவகிட்டயே கேளு" என்று வைத்துவிட்டாள்.

கேட்கவில்லை. செய்தி எழுதி எழுதி அழிக்கிறேன்.

ஏப்ரல் 6

சரிபார்ப்பு முடிந்தது. என் வரிசைகளில் பிழை இல்லையாம். சந்தோஷப்பட வேண்டும். இவர் இனிப்பு வாங்கி வந்தார். ஒன்றே ஒன்று தின்றேன்.

ஏப்ரல் 22

அக்காவின் துறையில் இன்று கருத்தரங்கு. இணையத்திலும் ஒளிபரப்பினார்கள். கேமராவை அணைத்துவிட்டு, பெயரையும் மறைத்துக்கொண்டு, திருடி மாதிரி உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் தன் பழைய படத்தைப் போட்டாள், அந்தச் சுத்தமான கோடு. "இது நான் கண்டுபிடிச்ச கொத்து. இதோட வயசு, தூரம் எல்லாம் நான்தான் அளந்தேன். பாடப் புத்தகத்துல கூட இருக்கு." அடுத்து என் நகர்வுப் படம். "இப்படி ஒரு கொத்தே இல்ல." அரங்கில் சிரிப்பு. அவளும் சிரித்தாள். உறுப்பினரை எப்படித் தேர்ந்தெடுத்தாள், அந்தத் தேர்வே எப்படி முடிவைக் கொண்டுவந்து கொடுத்தது என்று ஒவ்வொன்றாக விளக்கினாள். தன்னை அவள் விட்டுவைக்கவில்லை. மாணவி வேறொரு கொத்துக்கு மாறிவிட்டாளாம் - பழையது, உறுதியானது.

பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "தரவு வெளியாகி எவ்வளவோ நாளாச்சே. நீங்களே ஏன் பாக்கல?"

அக்கா சொன்னாள்: "நேரமில்லன்னு சொல்லிக்கிட்டேன். ஒரு மத்தியான வேலைதான். உண்மையச் சொன்னா, பாக்க பயமா இருந்துச்சு."

அவளுக்கா? அவளுக்கும் பயமா?

"யார் பாத்தாங்க?" என்று கேட்டதற்கு என் முழுப் பெயரையும் நிறுவனத்தையும் சொன்னாள். நிதானமாக, திருத்தமாக. என் தங்கச்சி என்று சொல்லவில்லை. வேலைக்கு உரிய மரியாதை, அவ்வளவுதான். அதற்குமேல் என்ன எதிர்பார்த்தேன்? திரையை அணைத்துவிட்டு ஜன்னலோரம் நின்றேன்.

மாலையில் செய்தி வந்தது. அக்கா. இத்தனை வாரத்தில் முதல் செய்தி.

"உன் நகர்வுப் படத்துல கீழ் அச்சுக்கு அலகு போடல. அரங்குல காட்டுறப்ப எனக்கு மானமே போச்சு."

ஓடிப்போய்ப் படத்தைத் திறந்தேன். உண்மைதான். எண்கள் இருக்கின்றன, அலகு இல்லை. நான் பார்த்தேன், குழுத் தலைவர் பார்த்தார், சரிபார்த்தவர் பார்த்தார். யார் கண்ணிலும் படவில்லை. உடனே அலகைப் போட்டு அனுப்பினேன்.

"இப்ப சரி" என்று வந்தது. கொஞ்சம் கழித்து இன்னொன்று: "ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு வா குட்டி. உன்கிட்ட இன்னும் கோபம் போகல. நேர்ல திட்டணும்."

இவர் கடையிலிருந்து வந்ததும் சொன்னேன். ஞாயிறு காலை முதல் ரயிலிலேயே போகிறோம்.