ஐந்தாம் கேள்வி

மார்ச் 3, திங்கள்

குடும்ப விவரப் படிவம் இன்று கொடுத்து முடித்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். தொழிற்சாலையில் செய்வது அட்டைப்பெட்டி. ஆனால் இந்த மாதம் முழுக்க என் மேசையில்தான் காகிதம் மலையாகக் கிடக்கும். எனக்கு இது அறுவடைக் காலம் என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

படிவம் நானே தட்டச்சு செய்தது. ஒன்பது வருடமாக அதே படிவம்தான். நகல் எடுத்து எடுத்து ஓரமெல்லாம் கறுத்துவிட்டது. அதில் உயிர்நாடி ஐந்தாம் கேள்வி: பிள்ளைக்குத் திருமணமாகிவிட்டதா? 'ஆம்' என்றால், காப்பீட்டு வரம்பான இருபத்தாறு வயது ஆகாவிட்டாலும் பெற்றவரின் மருத்துவக் காப்பீட்டிலிருந்து அந்தப் பெயர் போய்விடும். சிவப்புப் பேனா, ஸ்கேல், ஒரே கோடு. முதுகுக்குப் பின்னால் என்னை 'ஸ்கேல் மேடம்' என்கிறார்கள். தெரியும். காதில் விழாததுபோல் நடந்துகொள்வேன், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

வழக்கம்போல் முதல் படிவம் என்னுடையது. மகள். வயது இருபத்து நான்கு. திருமணம் — இல்லை. எழுதும்போது பெருமூச்சு வந்தது. அதில் 'ஆம்' என்று எழுதி, நானே சந்தோஷமாகக் கோடு போடுகிற நாள் எப்போது வரும்?

மார்ச் 6, வியாழன்

கிடங்கில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிற அண்ணன் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை. போன வருடம் அவர் மகனுக்குக் கல்யாணம் ஆனது, நான்தான் கோடு போட்டேன். அந்தப் பையனுக்கு இப்போது குடலிறக்கமாம். ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லியும், ஆறு மாதமாக இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறானாம். வயது இன்னும் இருபத்தைந்துதானே, மறுபடி சேர்க்க வழி இருக்கிறதா என்று கேட்டார்.

விதியை எடுத்துச் சொன்னேன். "உங்களுக்கு விட்டா நாளைக்கு எல்லாருக்கும் விடணும் அண்ணே" என்றேன்.

"சரிங்க மேடம், கேட்டுப் பாக்கலாம்னுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 9, ஞாயிறு

மகளோடு பழகுகிற பேக்கரித் தம்பி இன்றும் வரவில்லை. இது மூன்றாவது ஞாயிறு. இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கையில் ஒரு ரொட்டியோடு வந்து, "ஆன்ட்டி, இது கொஞ்சம் கருகிடுச்சு, விக்க முடியாது" என்று பொய் சொல்லிக் கொடுப்பான். ஒரு நாளும் கருகியிருந்ததில்லை. வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் நாலு பேருக்குச் சமைத்துவிட்டுப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பாப்பா வாயைத் திறக்கவில்லை. (இருபத்து நாலு வயதிலும் வீட்டில் அவள் பாப்பாதான்.) சாப்பிடுமுன் இடுப்பிலிருந்த இன்சுலின் பம்பை எடுத்துப் பார்த்தாள், பொத்தானை அழுத்தினாள், தலைகுனிந்து சாப்பிட்டாள். ஒன்பது வயதில் வந்த சர்க்கரை. அந்த வயதிலேயே ஊசி போட்டுக்கொள்ளக் கற்றுக்கொண்டவள், எதற்கும் அழமாட்டாள். இன்று கண் சிவந்திருந்தது. மதியம் நாய்களுக்கு முடி வெட்டும் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். வீடு வீடாகப் போய் நாய்க்கு நகம் வெட்டிக் குளிப்பாட்டிவிடுவதுதான் அவள் தொழில். கடிக்கிற நாயிடம் காட்டுகிற பொறுமையில் பாதியை அந்தப் பையனிடம் காட்டக்கூடாதா?

மார்ச் 12, புதன்

படிவங்கள் நூற்று நாற்பது வந்துவிட்டன. கோடு: இரண்டு.

மார்ச் 16, ஞாயிறு

பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். பாப்பா மேசையில் செய்தித்தாளை விரித்து, முடிவெட்டும் கருவியில் சிக்கிய நாய்முடியைத் தூரிகையால் தள்ளி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அவனைப் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லித் தொலை. நல்ல பையனை எதுக்கு இப்படி அலைய விடறே?"

"பிடிக்கலைன்னு யார் சொன்னது?"

அவன்தான் கேட்டானாம், ஆம் என்றாவது சொல்லு, இல்லை என்றாவது சொல்லு என்று. இவள் இரண்டும் சொல்லாமல், இருபத்தாறாவது பிறந்தநாளுக்கு மறுநாள் வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறாள். இதென்ன ஜோசியமா என்று கோபித்துக்கொண்டு போய்விட்டான். எனக்கும் அதே கேள்விதான் வந்தது.

பாப்பா தூரிகையைக் கீழே வைத்தாள். "உனக்கா தெரியாது? கல்யாணம் ஆன அன்னிக்கே நீ கோடு போட்டுடுவே. வருஷா வருஷம் இந்த மேசையில உக்காந்துதானேம்மா சொல்றே, இன்னிக்கு இத்தனை பேர் அவுட்டுன்னு."

அவள் நிதானமாகத்தான் சொன்னாள். பம்பும் இன்சுலினும் கைக்காசில் வாங்கினால் நாய்க்கு முடி வெட்டும் வருமானம் பத்து நாளைக்குக்கூடத் தாங்காது. அவனிடம் காரணத்தைச் சொன்னால், அடுத்த மாதமே பேக்கரியை விற்றுவிட்டு, காப்பீடு கிடைக்கிற ஏதாவது ஒரு கம்பெனியில் போய் உட்கார்ந்துவிடுவான். அது கூடாது. அடுப்பு முன்னால் நிற்கும்போதுதான் அவன் முகம் நன்றாக இருக்கிறதாம். அதனால் இருபத்தாறு வரை இழுத்து, எப்படியும் பெயர் போகிற நாள் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், அதற்குள் கொஞ்சம் சேர்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாள்.

"எனக்காகப் படிவத்துல பொய் எழுதுவியா நீ?" என்று கேட்டாள். மாட்டேன் என்பது அவளுக்கே தெரியும்.

இரண்டு வருடமாக அவளுக்கு மனசு நிலையில்லை என்று ஊரெல்லாம் புலம்பியிருக்கிறேன். அட, என்னைவிடத் தெளிவாக இருந்திருக்கிறாள்.

மார்ச் 17, திங்கள்

இன்றே எழுதிவிட வேண்டும்.

காலையில் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் செய்தேன். பொய் எழுதாமல் ஏதாவது வழி உண்டா என்று பார்க்கத்தான். கல்யாணத்துக்குப் பிறகு எத்தனை நாள் அவகாசம் தருவீர்கள், முப்பதா, அறுபதா என்று கேட்டேன்.

மறுமுனையில் இருந்த பெண் சிறிது நேரம் எதையோ தட்டிப் பார்த்தாள். "அப்படி ஒரு நிபந்தனையே இல்லையே மேடம். இருபத்தாறு வயசு வரைக்கும் கல்யாணம் ஆனாலும் ஆகலைன்னாலும் இருக்கலாம். அதை எடுத்து மூணு வருஷமாச்சு. புத்தகத்துல பதினோராம் பக்கம் இருக்கு பாருங்க."

நான் வருடா வருடம் பெயர்களை நீக்கச் சொல்லி அனுப்புகிறேனே என்றேன். "நீங்க நீக்கச் சொன்னா நாங்க நீக்கிடுவோம் மேடம். காரணம் கேக்க மாட்டோம்" என்றாள்.

மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தேன். காப்பீட்டைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அவர்கள் அனுப்பிய விதிப்புத்தகங்கள். மூன்று. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. எனக்குத்தான் விதி தலைகீழாகத் தெரியுமே! எதற்குப் பிரிக்க வேண்டும்?

நகத்தால் கிழித்தேன். பதினோராம் பக்கம். மூன்று வருடத்துப் புத்தகத்திலும் அதே வரி.

ஐந்தாம் கேள்வி பாலிசியில் இல்லை. என் படிவத்தில் மட்டும்தான் இருக்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

பழைய கோப்புகளை எடுத்து எண்ணினேன். கல்யாணம் என்ற ஒரே காரணத்துக்காகப் போன இரண்டு வருடத்தில் ஐந்து கோடு. இந்த வருடத்துக் கோடுகள் இரண்டும் இன்னும் அனுப்பவில்லை, அது தப்பித்தது. அந்த ஐந்தில் ஒன்று ஃபோர்க்லிஃப்ட் அண்ணன் மகன். எல்லாக் கோடும் அவ்வளவு நேராக இருக்கிறது.

மார்ச் 19, புதன்

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே சரிசெய்ய முடியும் — அதுதான் தொல்லை. இந்த வருடம் ஐந்தாம் கேள்வியை எடுத்துவிட்டு, 'விதி இப்போது மாறிவிட்டது' என்று சுற்றறிக்கை விட்டால் எல்லாரும் என்னைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஸ்கேல் மேடத்துக்கு நல்ல பெயர் வேறு கிடைக்கும். மத்தியானம் அந்தச் சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்தும் பார்த்துவிட்டேன். 'இப்போது' என்ற சொல்லைத் தாண்டி விரல் நகரவில்லை.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் கொட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டு, "அஞ்சு பேர்கிட்ட போய் சொல்றது கஷ்டம்தான். ஆறாவது ஆள் நம்ம வீட்டுலயே இருக்கா, ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

தெரியும். அவளிடம்தான் எனக்கு ரொம்ப பயம்.

மார்ச் 20, வியாழன்

மேலாளர் முன்னால் மூன்று புத்தகங்களையும் வைத்துச் சொல்லிவிட்டேன். இனிமேல் சரியாகச் செய்தால் போதும், பழையதைக் கிளறாதீர்கள் என்றார். அவருக்கும் அந்தப் புத்தகத்தின் பிரதி வருடா வருடம் போகிறது, அதுவும் பிரித்திருக்க மாட்டார். ஐந்து பேருக்கும் எழுத்தில் கொடுக்கத்தான் போகிறேன், வேண்டுமானால் என் மேல் நடவடிக்கை எடுங்கள் என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

மார்ச் 21, வெள்ளி

கிடங்குக்கு நானே போனேன். ஒன்பது வருடத்தில் அந்தப் பக்கம் போனது இரண்டு தடவை இருக்குமா? அண்ணன் வண்டியை நிறுத்தி இறங்கினார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். விதி மாறியது, நான் படிக்காதது, அவர் மகன் பெயரை நீக்கியிருக்கவே கூடாது என்பது.

"படிச்ச நீங்களே படிக்கலைன்னா நாங்க எங்க மேடம் போய்ப் படிக்கறது?" என்றார். அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மன்னிச்சிடுங்க அண்ணே என்று மட்டும் சொல்ல முடிந்தது. திரும்பி வரும்போது அட்டை அடுக்குகளுக்கு நடுவில் நின்று அழுதுவிட்டுத்தான் மேசைக்குப் போனேன்.

மார்ச் 23, ஞாயிறு

பாப்பாவிடம் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. புத்தகத்தைப் பதினோராம் பக்கத்தில் திறந்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். முதலில் சிரிப்புதான் வந்தது அவளுக்கு. சிரிப்பு பாதியில் நின்றது.

"ரெண்டு வருஷம்மா" என்றாள். "எத்தனை ஞாயித்துக்கிழமை, உனக்குத் தெரியுமா?"

திட்டுடி, திட்டித் தீத்துடு, அதுதான் எனக்கு நல்லது என்று மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் திட்டவில்லை. பம்பைச் சரிபார்த்தாள், புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள், செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். பேக்கரி பத்து நிமிட நடை.

மாலை வரை வரவில்லை. வந்தபோது தலைமுடியில் மாவு ஒட்டியிருந்தது. என்னிடம் பேசாமல் அறைக்குள் போய்விட்டாள். அந்த மாவைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

ஏப்ரல் 4, வெள்ளி

பன்னிரண்டு நாளாகப் பாப்பா என்னிடம் 'ம்' மட்டும்தான். இன்று காலையில், "அந்த அஞ்சு பேரும் என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். ஒருவர் கத்தினார், ஒருவர் நன்றி சொன்னார், நன்றி சொன்னதுதான் அதிகம் வலித்தது என்றேன். கேட்டுக்கொண்டே நின்றாள். வேலைக்குக் கிளம்பியபோது என் சாப்பாட்டுப் பையையும் எடுத்து வாசல்வரை கொண்டுவந்தாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஐந்து பெயரும் மறுபடி ஏறிவிட்டன. அதில் ஒரு பெண் பிரசவச் செலவைத் தானே கட்டியிருக்கிறாள். அதைத் திருப்பித் தருவது பற்றிக் காப்பீட்டுக்காரர்களோடு இன்னும் இழுபறி. நான் விடப்போவதில்லை. என் கோப்பில் எச்சரிக்கைக் கடிதம் ஒன்று ஏறியிருக்கிறது. கையெழுத்துப் போட்டேன். நியாயம்தான்.

மே 8, வியாழன்

ஃபோர்க்லிஃப்ட் அண்ணன் மகனுக்கு ஆபரேஷன் முடிந்தது. அண்ணன் அலுவலக வாசலில் தலையை நீட்டி, "எந்திரிச்சு நடக்கறான் மேடம்" என்று சொல்லிவிட்டு வண்டிக்குத் திரும்பிவிட்டார்.

ஜூன் 9, திங்கள்

போன வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகத்தில் பாப்பாவின் கல்யாணக் கையெழுத்து. பிறகு பேக்கரியின் பின்னறையில் இருபது பேர், அவன் செய்த கேக். இந்தத் தடவை நிஜமாகவே கொஞ்சம் கருகியிருந்தது. பதற்றமாம். "அத்தை, இது கருகிடுச்சு" என்று முதல் துண்டை எனக்குத்தான் நீட்டினான். ஆன்ட்டி எப்போது அத்தை ஆனாள் என்று கேட்கவில்லை, வாங்கிச் சாப்பிட்டேன். அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தார். அவர் மகன் நாற்காலி தூக்கப் போக, அண்ணன் அதட்டி உட்காரவைத்தார்.

கிளம்பும்போது பாப்பா என் தோளில் சாய்ந்து, "இருபத்தாறு ஆனா நீதான் கோடு போடணும்" என்றாள். இன்னும் இருபது மாதம் இருக்கிறது. போடுவேன். அதற்கு முன்னால் புத்தகத்தைப் படித்துவிட்டு.

இன்று அலுவலகத்தில் என் குடும்ப விவரத்தைத் திருத்தினேன். புதுப் படிவம், ஓரம் வெள்ளையாக இருக்கிறது. மகளின் பெயர், பிறந்த தேதி, புது முகவரி. அடுத்ததை எழுதப் பேனாவைக் கொண்டுபோனால் இடம் இல்லை. ஐந்தாம் கேள்வியை நானே எடுத்துவிட்டேன் அல்லவா. எத்தனை வருடமாக எழுதக் காத்திருந்த பதில்!

அதனால் இங்கே எழுதிக்கொள்கிறேன். பாப்பாவுக்குத் திருமணமாகிவிட்டதா? — ஆம்.