கிழக்கு மூலைக் கன்னிமார்

மூலனூர்,
19-6-2024

முருகன் துணை.

அன்புத் தம்பி ஈஸ்வரமூர்த்திக்கு அக்கா நஞ்சம்மாள் எழுதுவது.

நேற்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நீ, உன் மனைவி சண்முகப்பிரியா, மகன் சுரேந்தர், நீ கூட்டிவந்த பத்திர எழுத்தர் ராஜபாண்டி, என் வீட்டுக்காரரான உன் மாமா, நான். ஆறு பேர். சுவாமி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பேசியதை மறுபடி எழுதுகிறேன் என்று சிரிக்காதே. போனில் கூப்பிட்டால், "மீட்டிங்ல இருக்கறனுங்க அக்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் மீட்டிங் முடிகிற வரைக்கும் மேஜையில் காத்திருக்கும்.

அடுத்த மாதம் அரசாங்கம் நிலத்துக்குப் புது மதிப்புப் போடப்போகிறது, ஏக்கர் கணக்கில் இருக்கிற அப்பாவின் தோட்டம் சதுர அடிக் கணக்குக்குப் போய்விடும் என்றாய். "மதிப்பு ஏறிப்போச்சுன்னா முத்திரைச் செலவு கழுத்தப் புடிக்குமுங்க. அதுக்குள்ள உங்க பங்க விடுதலை எழுதிக் குடுத்துருங்க அக்கா" என்றாய். சரி. நான் பங்குக்குப் பணம் கேட்கவில்லை. நீ நீட்டிய கவரையும் திருப்பிக் கொடுத்தேன். கேட்டது ஒன்றுதான்: கிழக்கு மூலையில் வேம்படியில் இருக்கிற ஏழு கன்னிமார் கல்லும், அதற்குப் போகிற வண்டித்தடமும் அப்படியே இருக்கவேண்டும். ஆடி வெள்ளிக்கு நான் வந்து பொங்கல் வைக்கவேண்டும்.

"அதையும் பத்திரத்துல போட்டுருங்க மச்சான்" என்றார் உன் மாமா. "நம்ம ஊட்டுச் சாமிக்கு எதுக்குங்க மாமா பத்திரம்?" என்று விளக்கைப் பார்த்துச் சொன்னாய். அது எனக்குப் போதும். ராஜபாண்டிதான் பாவம், இரண்டு தடவை மோர் கொடுத்தும் நிமிரவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் போனில் இன்டர்நெட் கிடைக்காது என்று சொல்லியிருக்கலாம்.

கையெழுத்துப் போட வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். சண்முகப்பிரியாவுக்கு முருங்கைக்காய் கொண்டுவருகிறேன்.

அன்பு அக்கா,
நஞ்சம்மாள்


மூலனூர்,
12-7-2024

அன்புத் தம்பிக்கு,

கையெழுத்துப் போட்டு மூன்று வாரம் ஆகிறது. அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லாமல் பஸ் ஏற்றிவிட்டாய். அவசர வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

பெருமாநல்லூர் பக்கம் போய்வந்த ஒருவர், நம் அப்பா தோட்டத்தைச் சுற்றிச் சுவர் எழும்புகிறது, இரும்புக் கேட் போட்டாயிற்று, வேம்பைக் காணோம் என்கிறார். வேறு யாருடைய தோட்டத்தையோ பார்த்திருப்பார் என்று சொல்லி அனுப்பினேன். உன் மாமா அவரைத் திரும்பக் கூப்பிட்டு விசாரித்தார். அவர் விசாரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆடி வருகிறது. ஒரு வரி எழுது.

அக்கா


திருப்பூர்,
20-7-2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். ஷிப்மெண்ட் நேரம், போன் எடுக்க முடியவில்லை. மன்னிக்கவும். இதை ஆபீஸ் கீர்த்தனாவிடம் சொல்லி டைப் அடிக்க வைக்கிறேன்.

புது மதிப்பு வந்ததும் பேங்க்காரர்கள் இடத்தைப் பார்த்தார்கள். அந்த மதிப்பை வைத்து லோன் லிமிட்டைக் கூட்டித் தருகிறார்கள். ஆனால் இடம் ஒரே சதுரமாக, யாருக்கும் வழிப் பாத்தியம் இல்லாமல் இருக்கவேண்டுமாம். இந்த லிமிட் கிடைக்காவிட்டால் பழைய பில்களுக்கே திணறவேண்டியிருக்கும். இன்றைக்கு அந்த மூலைக்கும் தடத்துக்கும் என்ன மதிப்பு என்று உங்களுக்குத் தெரியாது அக்கா. அதனால் வேம்பை எடுத்தோம். கற்களைப் பூஜை போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறோம். தோட்டத்தை ஒட்டியிருக்கிற நம் பனியன் கம்பெனி வாசலில் டைல்ஸ் ஒட்டிப் புதிதாகக் கட்டுகிறேன். ஆடிக்கு நீங்கள் தாராளமாக வரலாம். கேட்டில் செக்யூரிட்டியிடம் பெயர் சொன்னால் விடுவார்.

மாமாவுக்கு எக்ஸ்போர்ட் பனியன் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன்.

தங்கள் அன்புத் தம்பி,
ஈஸ்வரமூர்த்தி


மூலனூர்,
3-8-2024

ஈஸ்வரமூர்த்திக்கு,

நேற்று ஆடி வெள்ளி. பச்சரிசி, வெல்லம், புதுப்பானையோடு உன் கேட்டுக்கு வந்தேன். பெயர் சொன்னேன். காவலுக்கு நின்ற வடநாட்டுப் பையனுக்கு நஞ்சம்மாள் என்ற பெயர் வாயில் வரவில்லை. "இது எம்பொறந்த ஊடு கண்ணு" என்றேன். உள்ளே போன் செய்துவிட்டு, "சார் மீட்டிங்" என்றான். அந்தத் தமிழ் மட்டும் அவனுக்கு நன்றாக வருகிறது.

வெயிலில் பானையோடு நின்றேன். டீ நேரத்தில் வெளியே வந்த ஒரு தையல்காரப் பெண் தண்ணீர் கொடுத்தாள். தெற்கத்திப் பேச்சு, கழுத்தில் சிலுவை. "ஒங்க சாமிக் கல்லெல்லாம் வேஸ்ட் துணி குடோன்ல சாக்குல கெடக்கும்மா. அதுமேல யாரும் உக்காந்துரக் கூடாதுன்னு நாங்கதான் பெட்டிய அடுக்கி மறைச்சு வச்சிருக்கோம்" என்றாள். அவள் பெயரை எழுதமாட்டேன். வேலையை விட்டு எடுத்துவிடுவாய்.

இன்னொன்று. போன வாரம் எனக்கு நாத்தனார் முறையாகும் பெரியாத்தாள் தன் அண்ணனுக்கு விடுதலை எழுதிக் கொடுக்க, நான் பத்திர ஆபீசுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடப் போனேன். புது மதிப்பில்தான் பதிந்தார்கள். குடும்பத்துக்குள் எழுதினால் மதிப்பு எவ்வளவு ஏறினாலும் கட்டணத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, அதற்குமேல் வாங்கமாட்டார்கள் என்று அங்கே சொன்னார்கள். எழுதி வாங்கிய அண்ணன் அவளுக்குப் பங்குப் பணமும் கொடுத்தான், வீட்டுக்குக் கூப்பிட்டுப் போய்ச் சோறும் போட்டான்.

அப்படியானால் அன்று உனக்கு அவசரம் முத்திரைச் செலவுக்காக இல்லை. புது மதிப்பு எவ்வளவு என்பது என் கண்ணில் படுவதற்குள் கையெழுத்து வேண்டியிருந்தது. தெரியாது என்று மட்டும் எழுதாதே. ராஜபாண்டிக்குத் தெரியும். அதனால்தான் அந்த மனிதர் நிமிரவில்லை. பால் கணக்கிலிருந்து எண்ணெய் கணக்கு வரை எழுதி வைக்கிறவள் நான். தம்பி சொன்னதை மட்டும் சரிபார்க்கவில்லை. மதிப்புத் தெரிந்து கேட்டிருந்தாலும் எழுதிக் கொடுத்திருப்பேனடா. அதைக்கூட நீ நம்பவில்லை.

உன் கல்யாணத்தில் அக்கா தம்பி பந்தத்துக்குச் செய்கிற இணைச்சீருக்குக் கூறைச் சேலையின் ஒரு நுனியை நீயும் மறு நுனியை நானும் பிடித்து நின்றோம். சுரேந்தர் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வருவதாகச் சண்முகப்பிரியா சொல்லியனுப்பினாள். வரவேண்டாம் என்று சொல். பனியன் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. உன் மாமா அதைத் தொடவில்லை.

நிலத்தைத்தான் விடுதலை எழுதிக் கொடுத்தேன். கன்னிமாரை எழுதிக் கொடுக்கவில்லை. டைல்ஸ் ஒன்றும் ஒட்டவேண்டாம். இங்கே எங்கள் கிணற்று மேட்டில் இடம் சுத்தம் செய்தாயிற்று. ஏழு கல்லும் ஏற்ற உன் மாமா வண்டி பேசி வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு எனக்கு அந்தக் கேட்டில் வேலை இல்லை.

எந்த நாள் கேட்டைத் திறந்துவிடுவாய் என்று மட்டும் எழுது. ஆடி முடிவதற்குள் பதில் வேண்டும்.

நஞ்சம்மாள்