சூசை அண்ணனின் 6.15

திங்கள், மார்ச் 9
காலையிலேயே மழை. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் ஆபீஸ் வருவதற்குள் செருப்பு ஊறிவிட்டது. குடை வாங்கணும்.

ஃபேக்டரி பஸ் டிரைவர்கள் பன்னிரண்டு பேர். தாளில் டிரிப் மணி எழுதுவது பன்னிரண்டு விதம். எல்லாவற்றையும் நான் பேசிக் மொழியில் எழுதிய புரோகிராம் படித்து ஒரே மாதிரி ஆக்க வேண்டும். இதுவரை பிடிபட்டவை:
0615
6-15
6¼
6.15 பாகி, 6.15 பெத்தாங் (மலாயில் காலை, மாலை)
வெறும் 6.15. எதுவும் இல்லாவிட்டால் காலை என்று வைத்துக்கொண்டேன்.

செவ்வாய், 10
முதல் ரிப்போர்ட். பிரிண்டர் கத்திக் கத்தி முடித்தது. ஒரே பெருமை எனக்கு. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று முதலாளியிடம் வேறு சொல்லி வைத்தேன்.

மதியம் கூப்பிட்டார். ரிப்போர்ட்படி சூசை அண்ணன் போன மாதம் முழுக்க மாலை டிரிப்பே ஓட்டவில்லையாம். வியாழன் கூப்பிட்டு வேலையை விட்டு நிறுத்தப் போகிறாராம். பதினெட்டு வருஷ டிரைவர். நானும் ‘அப்படியா’ என்று தலையாட்டினேன். சே.

புதன், 11
தாள்களைப் பார்த்து டைப் அடிக்கும் லெட்சுமி அக்காவிடம் சொன்னேன். அவர் தங்கச்சி மகள் தினமும் சாயங்காலம் வீடு வருவதே சூசை அண்ணன் பஸ்ஸில்தானாம்.

ஃபைலைத் திறந்தேன். அவர் தாளில் காலை எல்லாம் நீலம், மாலை எல்லாம் சிவப்பு. இரண்டிலும் வெறும் 6.15. அக்கா நம்பரை அடித்தார். மை நிறம் டிஸ்க்கில் ஏறவில்லை. வெறும் 6.15 எல்லாம் காலை ஆனது என் கைங்கரியம்.

அண்ணனிடம் போய்க் கேட்டேன். “பார்த்தாலே தெரியும் லா, தங்கச்சி.”

வியாழன், 12
எட்டு மணிக்கே முதலாளி முன்னால் நின்றேன். தப்பு என்னுடையது, சூசை அண்ணனுடையது இல்லை என்றேன். தாளை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்! நாளையிலிருந்து காலையா மாலையா என்று எழுத்தில் எழுதச் சொல்லு என்றார்.

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.
“அப்ப என் வேலை உன் கையிலதான் இருந்துச்சா?”
“ஆமாண்ணே. மன்னிச்சிருங்க.”
கடையில் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தார். நான்தான் வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும்.

வெள்ளி, 13
புதுக் குடை. நல்ல வெயில்.

சூசை அண்ணன் தாள்தான் முதலில் வந்தது. இரண்டு பேனாவும் அப்படியே. பக்கத்தில் மலாயில், எழுத்தில்: 6.15 பீரு. 6.15 மேரா. நீலம். சிவப்பு. அக்கா சிரித்த சிரிப்பில் டைப் அடிக்க முடியவில்லை.

புரோகிராமில் இரண்டு வரி சேர்த்தேன். பீரு என்றால் காலை. மேரா என்றால் மாலை.

ஓடுகிறது.