ஹய்தம் கல்யாணத்துக்கு நீ சொன்ன எண்ணிக்கை

கரக்,
அக்டோபர், ஆலிவ் பறிக்கத் தொடங்கிய வாரம்

அன்பு மகள் லுஜைனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இறைவனின் சாந்தி உன்மேல் இருக்கட்டும். அவன் கருணையில் இங்கே நான், உன் அம்மா, புது மாப்பிள்ளை ஹய்தம், நம் வீட்டுக்கு வந்த மருமகள் பதூல் எல்லோரும் நலம், உன் அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியோடு தினமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. நீ டூரினில் நலமாக இருப்பாய் என்று எழுதக் கை வரவில்லை, முந்தாநாள் போனில் நீ அழுததைக் கேட்டேனே. போனில் நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் நீ மூக்கை உறிஞ்சுகிறாய், நடுவில் உன் அம்மா போனைப் பிடுங்கி, சாப்பிட்டாயா என்று கேட்கிறாள், அப்புறம் நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது, நான் முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆகவேண்டும். எதிர்வீட்டுப் பல் டாக்டரின் மனைவி மிலானில் இருக்கும் மகனைப் பார்க்கக் கிளம்புகிறார், அவர் பெட்டியில்தான் இதையும் கொடுத்தனுப்புகிறேன், கூடவே ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள ஸஅத்தர் பொடியும், காயவைத்த தயிரான ஜமீது இரண்டு கட்டியும் இருக்கும். கட்டியை விமான நிலையத்தில் கல் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாமல் இருக்க வேண்டும்.

படிப்பை விட்டுவிட்டு ஊருக்கு வருகிறேன் என்றாய். அடுத்த மாதக் கருத்தரங்குக்குப் பேராசிரியரிடம் கொடுத்த ஆய்வைத் திரும்ப வாங்கிக்கொண்டு, இங்கேயே மருந்தாளர் படிப்பில் சேர்ந்துவிடுகிறேன் என்றாய். எல்லாம் உன் பெரியப்பா மகன் நாயிஃப் அனுப்பிய அரை நிமிட வீடியோவைப் பார்த்துத்தானே? தலையில் தாம்பாளத்தோடு பெரியப்பா ஓடுவதும், பின்னால் யாரோ "லுஜைன் கணக்கு ஊத்திக்கிச்சு" என்று கத்துவதும் அதில் இருக்கிறது, நானும் பார்த்தேன். அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்பது அதில் இல்லை. அதை நான் சொல்கிறேன், குறுக்கே பேசாதே.

உன் படிப்பு என்ன என்று கடைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வது எனக்கு எப்போதும் பெரும்பாடு. டாக்டருக்கா இன்ஜினியருக்கா என்பார்கள், இரண்டும் இல்லை என்றால் துக்கம் விசாரிப்பது போல முகத்தை வைத்துக்கொள்வார்கள். ஒருநாள் வானிலை என்றேன், ஒருநாள் போக்குவரத்து என்றேன், குழாய் வாங்க வந்த ஒருவர் விடாமல் கேட்டபோது எறும்பு என்றே சொல்லிவிட்டேன், மூன்றும் நீ சொன்னவைதானே. கணினிக்குள் ஓர் ஊரை வைத்து, வீட்டுக்கு ஒரு புள்ளி போட்டு, அக்கம்பக்கத்தைப் பார்த்து ஒவ்வொரு புள்ளியும் என்ன முடிவெடுக்கும் என்று ஓட்டிப் பார்ப்பது, அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. நீ நம் ஊர்க் கல்யாணங்களையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டபோது உன் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. யார் யார் கல்யாணத்துக்கு யார் போனார்கள், யார் போகாமல் சாக்குச் சொன்னார்கள், யார் எலும்பைக்கூட விடாமல் தின்றார்கள் என்று கோடை முழுவதும் உனக்கு ஒப்பித்தாள். ஜூலையில் நடந்த இரண்டு கல்யாணத்துக்கு நீ முன்கூட்டிச் சொன்ன கூட்டம் ஏறக்குறைய அப்படியே வந்தது. அதற்குப் பிறகுதான் நம் வீட்டுக் கல்யாணத்துக்கும் போட்டுப் பார் என்று நானே உன்னைக் கேட்டேன், நினைவிருக்கிறதா?

அதே வெள்ளிக்கிழமை ஊரில் வேறு இரண்டு கல்யாணம், அம்மானில் இருக்கும் நம் ஆட்கள் பாதிப்பேர் வரமாட்டார்கள், அதனால் இருநூற்றைம்பதை ஒட்டித்தான் வரும் என்று குரல் செய்தி அனுப்பினாய். நான் அதைக் கடையில் சத்தமாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். உன் பெரியப்பா அபூ நாயிஃப் பெயிண்ட் டின் மேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவரைத் தெரியாதா உனக்கு? நீ விமானம் ஏறிய நாளிலிருந்து "பொட்டப்புள்ளய அவ்வளவு தூரம் அனுப்பிப் புள்ளி எண்ணவா படிக்க வைக்கிற, இங்கயே மருந்துக்குப் படிச்சா வெள்ளக் கோட்டு போட்டு ஃபேனுக்கடியில உக்காரலாமே" என்று என் காதைத் தின்றவர். செய்தியைக் கேட்டதும் தேநீரை ஒரே மடக்கில் முடித்தார். அவர் அவ்வளவு அவசரமாக எழுந்து போனபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

நேரே முடிதிருத்தும் கடைக்குப் போயிருக்கிறார். அங்கே நாலு பேர் தாடிக்கு நுரை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், எழுந்து ஓடக்கூட முடியாது. "கேட்டீங்களா, என் தம்பி மவ கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டாளாம், அண்ணன் கல்யாணத்துக்கு ஆளே தேறாதாம்" என்று கேலியாகச் சொல்லியிருக்கிறார். உன்னைக் கிண்டல் செய்வதுதான் அவர் நோக்கம். ஆனால் சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு ரொட்டிக் கடைக்குப் போய், அங்கிருந்து பள்ளிவாசல் வாசலுக்குப் போய், அபூ ஹய்தம், அதாவது உன் அப்பன், மகன் கல்யாணத்துக்கு வர ஆளில்லை, மனிதன் வாய் விட்டுச் சொல்ல முடியாமல் தவிக்கிறான் என்று ஆகிவிட்டது. நான் இது எதுவும் தெரியாமல் முந்நூறு பேருக்குப் போதுமான ஆட்டுக்குச் சொல்லிவிட்டு, பதூலின் ஊரான தஃபீலாவிலிருந்து வருகிறவர்களை எங்கே உட்கார வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து குலத்து மண்டபத்துக்கு வந்தால் வாசலில் நிற்க இடமில்லை மகளே. பெட்ரோல் பங்க் வரைக்கும் வண்டிகள் நிற்கின்றன. மற்ற இரண்டு கல்யாணத்துக்கும் போகவேண்டியவர்கள் அங்கே தலையைக் காட்டிவிட்டு இங்கே ஓடி வந்திருக்கிறார்கள். ஒருவனுக்குக் கஷ்டம் என்றால் குலமே திரண்டு ஓடுமே, அந்த ஃபஸ்ஆ கிளம்பிவிட்டது. வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவனைத் தூக்க ஓடுகிற மாதிரி ஊரே என் வீட்டுச் சோற்றுக்கு ஓடி வந்திருக்கிறது. வேலித் தகராறில் ஐந்தாறு வருடமாக என்னோடு பேசாத அபூ ஸக்ர் தன் ஆறு மகன்களையும் கூட்டிக்கொண்டு வந்து என் தோளைக் குலுக்கி, "ஆளில்லன்னா எனக்கொரு வார்த்த சொல்லமாட்டியா, நாங்க என்ன செத்தா போயிட்டோம்" என்று சத்தம் போடுகிறார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. எழுநூறு பேருக்கு மேல் இருக்கும், அதற்குமேல் எண்ணுகிற தெம்பு எனக்கு இல்லை.

முதல் பந்தி எழுந்ததும் சமையல்காரர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு அண்டாவைத் திறந்து காட்டினார். அடியில் பிடித்த சோறுதான் இருந்தது. சம்பந்தி வீட்டார் முன்னால், தஃபீலாக்காரர்கள் முன்னால், மகன் கல்யாணத்தில் தாம்பாளம் காலி என்றால் நான் அப்புறம் இந்த ஊரில் எப்படி நடப்பது? உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் உன்மேல்கூடக் கோபம் வந்தது. பெரியப்பா என் முகத்தைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார், அவர் முகமும் செத்துப் போனது. தான் முடிதிருத்தும் கடையில் பற்ற வைத்தது இங்கே வந்து எரிகிறது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தெருவில் ஓடினார்.

வெள்ளிக்கிழமை அல்லவா, எல்லார் வீட்டிலும் மதியச் சமையல் முடிந்து அடுப்பில் இருந்தது. அவர் கதவு கதவாகத் தட்டியிருக்கிறார், உன் அம்மா இந்தப் பக்கத் தெருவில் முழங்காலை மறந்து தட்டியிருக்கிறாள். அதற்குப் பிறகு வந்தது பார் தாம்பாளம் தாம்பாளமாக. நாயிஃப் வீடியோ எடுத்தது அப்போதுதான், உன் பெரியப்பா தலையில் இருந்தது பல் டாக்டர் வீட்டுச் சோறு. கல்யாணத்து ஆட்டிறைச்சி மன்ஸஃபுக்குப் பக்கத்தில் கோழி வந்தது, ஒரு வீட்டிலிருந்து கத்தரிக்காய் போட்ட மக்லூபாச் சோறு வந்தது, ஒரு புண்ணியவதி அடைத்த சுரைக்காயையே பானையோடு அனுப்பிவிட்டாள். கல்யாணத் தாம்பாளத்தில் சுரைக்காயை எந்தக் கரக்வாசியாவது பார்த்திருப்பானா? வந்தவர்களும் நல்லது செய்தார்கள், இரண்டு பிடி அள்ளிவிட்டு வாழ்த்திவிட்டு அடுத்தவருக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டே இருந்தார்கள். பதூலின் தாய்மாமா சுரைக்காயைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று நின்றேன். "அபூ ஹய்தம், எங்க பொண்ணு தனியா வர்றாளேன்னு அவங்கம்மா நேத்து வரைக்கும் அழுதா. ஒரு தெருவே அடுப்போட வந்து நிக்கிற ஊருக்குத்தான் வந்திருக்கான்னு போய்ச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அந்தச் சுரைக்காயை முழுசாகத் தின்றார். அவர் மனநிறைவோடு, போதும் என்று காப்பிக் கோப்பையை ஆட்டித் திருப்பிக் கொடுத்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

இதுதான் நடந்தது. இதில் உன் தலை குனிய என்ன இருக்கிறது, சொல். போன ரமலானில் நீ வந்திருந்தபோது அம்மான் போகிற வழியில் நெரிசலில் மாட்டினோமே. வானொலியில் வேறு பாதையில் போங்கள் என்றான், எல்லா வண்டியும் அங்கே திரும்பி அந்தப் பாதை அடைத்துக்கொண்டது, நம் பாதை திறந்துவிட்டது. நீ கையைத் தட்டிச் சிரித்தாய். "பாத்தீங்களாப்பா, சொன்ன உடனே சொன்னது பொய்யாயிடுச்சு, இதத்தான் நான் படிக்கிறேன்" என்றாய். நான் பாதி தூக்கத்தில் இருந்தேன், ஆனாலும் காதில் விழுந்தது. இப்போது உன் எண்ணிக்கையும் அப்படித்தானே ஆனது? உன் பெரியப்பா வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இருநூற்றைம்பதுதான் வந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். இதைப் பேராசிரியரிடம் மறைக்காமல் சொல். ஆய்வைத் திரும்ப வாங்காதே, அடுத்த மாதம் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சுரைக்காய் உட்பட எல்லாவற்றையும் சொல். சிரித்தால் சிரிக்கட்டும், நாங்களும்தான் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

உன் பெரியப்பா நேற்று கடைக்கு வந்து அதே பெயிண்ட் டின்னில் உட்கார்ந்தார். நாயிஃபுக்குப் பெண் பார்த்தாயிற்று, வசந்தத்தில் கல்யாணம். ரொம்ப நேரம் குழாய் விலையெல்லாம் விசாரித்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, "நம்ம லுஜைன் கிட்ட சொல்லி எனக்கும் ஒரு எண்ணிக்க வாங்கிக் குடு. கொஞ்சம் கம்மியாவே சொல்லச் சொல்லு" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் மகள் ஆசைக்கு அளந்து எண்ணிக்கை கொடுக்கிறவள் இல்லை, படிப்பு முடிந்ததும் வரிசையில் நில்லுங்கள் என்றேன். மருந்துப் படிப்பைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், உன் அம்மாவிடம் சொல்லாதே. உனக்குப் பரீட்சை, வரமுடியாது என்று நீ சொன்னது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் அன்றைக்கு மண்டபத்து வாசலில் ஒவ்வொரு வண்டி வந்து நின்றபோதும் கதவைப் பார்த்தேன், திடீரென்று வந்து என்னை மிரட்டுகிறவள்தானே நீ. உன் கணக்கு நூற்றுக்கணக்கில் தப்பிவிட்டது என்று அழுகிறாய். என் கணக்கில் ஓர் ஆள்தான் குறைந்தது, அத்தனை கூட்டத்திலும் அது எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. அதனால்தான் ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று நீ சொன்னதும் வா மகளே என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். நல்லவேளை உன் அம்மா போனைப் பிடுங்கினாள். வராதே. முடித்துவிட்டு வா.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், ஈரத்தலையோடு வெளியே போகாதே. ஜமீதை முந்தின நாளே ஊற வை, அவசரப்பட்டுத் தட்டி உடைக்காதே, போன தடவை கீழ்வீட்டுக்காரர் புகார் சொன்னார் என்றாயே. புது எண்ணெய் ஆட்டியதும் யாராவது வருகிறவர் கையில் அனுப்புகிறேன். பதூல் உன்னை விசாரித்தாள், நாத்தனார் குரலைக்கூடக் கேட்கவில்லை என்று குறைப்படுகிறாள், அவளோடு பேசு. இறைவன் உன் கண்ணுக்கு வெளிச்சமும் மனதுக்குத் தைரியமும் தரட்டும், உன்னைச் சுற்றி இருப்பவர்களை நல்லவர்களாக வைக்கட்டும்.

முப்பது வருடமாக மூத்தவன் பெயரால் என்னை அபூ ஹய்தம் என்று கூப்பிட்ட இந்தக் கடைத்தெரு, கல்யாணத்திலிருந்து உன் பெயரை வைத்துக் கூப்பிடுகிறது. கேலிக்குத்தான் ஆரம்பித்தார்கள். ரொட்டிக் கடைக்காரர் கூப்பிட்டதும் நான் பாட்டுக்குத் திரும்பிப் பார்த்துவிட்டேன், இனி மாற்ற முடியாது போலிருக்கிறது.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
அபூ லுஜைன்