பின்சீட்டு மாமா

பிப்ரவரி 3, 2025, திங்கள்

இன்று மாமாவைக் கூட்டிக்கொண்டு நெகமம் வரை போய் வந்தேன். போக வர ஒரு வார்த்தை இல்லை. வீட்டிலாவது "அந்தப் புள்ளைகிட்டச் சொல்லு" என்று அத்தை வழியாகப் பேசுவார். காரில் அத்தை இல்லையே, என்ன செய்வார் பாவம்! திரும்ப வேண்டிய இடம் வந்தால் தொண்டையைச் செருமுகிறார். எந்தப் பக்கம் என்பதை நானே கண்டுபிடிக்க வேண்டும்.

முன்சீட்டில் மருமகளுக்குப் பக்கத்தில் உட்காருவது முறையில்லையாம். அதனால் பின்சீட்டு. பார்க்கிறவர்களுக்கு நான் மாமனார் தம்பிதுரையின் சம்பளமில்லாத டிரைவர். இறங்கும்போது நான்தான் சுற்றி வந்து கதவைத் திறந்துவிட வேண்டும். இடது பின்கதவு உள்ளேயிருந்து திறக்காது. என் வீட்டுக்காரர் சபரீஷ் சின்னப் பையனாக இருந்தபோது ஓடுகிற காரில் கதவைத் திறந்துவிட்டாராம்; அன்றைக்கு மாமா போட்ட சைல்டு லாக் அப்படியே துருப்பிடித்து இறுகிவிட்டது. வலது பின்கதவோ தேங்காய் லாரி இடித்ததிலிருந்து திறப்பதே இல்லை. பிள்ளைக்குப் போட்ட பூட்டில் அப்பா மாட்டிக்கொண்டிருக்கிறார்! அவர் வேலை பார்க்கும் ஓசூருக்குப் போன் போட்டுச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

இருந்தாலும் வெளியே வருகிறாரே, அதுவே பெரிய விஷயம். கண்ணில் அழுத்தம் கூடிவிட்டது, இனி வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த மனிதர். 20ஆம் தேதி மறுபடி கோவையில் சோதனை. தவறாமல் வந்து காட்டாவிட்டால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரி 7, வெள்ளி

என்ன காரியம் செய்துவிட்டேன்!

உரக்கடைக்குப் போனோம். மாமா கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருக்கட்டும், நான் ஏடிஎம்முக்குப் போய் வரலாம் என்று கணக்கு. காரை நிறுத்தி, சாவியை எடுக்கும்போது அம்மா போன். பேசிக்கொண்டே இறங்கி, பேசிக்கொண்டே நடந்து— கதவைத் திறந்துவிடவே இல்லை. ஏடிஎம்மில் நீள வரிசை வேறு. திரும்பி வந்து பார்த்தால், சாவி இல்லாமல் இறக்க முடியாத கண்ணாடிக்குள் மாமா. சட்டை முழுக்க நனைந்து, முகமெல்லாம் சிவந்து, நேராக முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடியைத் தட்டியிருக்கலாம். எட்டி ஹாரனை அடித்திருக்கலாம். எதுவும் செய்யவில்லை. ஏன் மாமா, ஏன்?

"ஐயோ மாமா, மன்னிச்சுருங்க மாமா" என்றேன். தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன், குடித்தார். அந்த மட்டும் நிம்மதி.

பிப்ரவரி 8, சனி

ஏன் ஹாரன் அடிக்கவில்லை என்பதற்கு அத்தை வழியாகப் பதில் வந்தது.

"ஹாரன் அடிச்சா கடவீதியே திரும்பிப் பாக்குமாம் கண்ணு. தம்பிதுரைய மருமவ உள்ள வெச்சுப் பூட்டிப்போட்டான்னு உன்னையத்தான பேசுவாங்கன்னு கம்முனு இருந்துட்டாராம்."

"முன்சீட்டுக்குத் தாண்டி வந்து எறங்கியிருக்கலாமில்லீங்க அத்தை?"

"வேட்டியக் கட்டிக்கிட்டுத் தாண்டறதா! நல்லாக் கேட்ட போ."

எனக்கு அவப்பெயர் வரக்கூடாது என்று அந்த வெயிலில் வெந்திருக்கிறார். இப்படிப்பட்ட மனிதரிடம் எப்படிக் கோபப்படுவது? ஆனால் அத்தை கடைசியில் சொன்னதுதான் பெரிய இடி. இனி அந்தக் காரில் ஏறமாட்டாராம். ஆஸ்பத்திரிக்கும் சேர்த்துத்தான்.

பிப்ரவரி 10, திங்கள்

வாடகைக் கார் பிடிக்கட்டுமா என்று மாமாவிடம் கேட்கும்படி அத்தையிடம் சொன்னேன். "ஊட்டுல காரு நிக்கும்போது வாடகை வண்டியா?" அதுவும் முடியாது. பிடித்த பிடி.

பிப்ரவரி 11, செவ்வாய்

மெக்கானிக் சென்னியப்பன் அண்ணனை வீட்டுக்கே வரவழைத்தேன். கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எண்ணெய் போட்டெல்லாம் ஆவாதுங்க அம்மணி. லீவரு உள்ளயே ஒடஞ்சு கெடக்குது. பூட்டையே மாத்தோணும். இந்த மாடலுக்குப் புதுசு வாரதில்லீங்க, கோயமுத்தூரு உக்கடத்துல பழசு பாருங்க."

அவருக்கு வேலை தலைக்குமேல் இருக்கிறதாம். சரி, நானே போகிறேன்.

பிப்ரவரி 13, வியாழன்

உக்கடம் போனேன். கடை கடையாக ஏறி இறங்கி, கை முழுக்க கிரீஸ். ஐந்தாவது கடையில் கிடைத்தது! பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா என்னவென்று கேட்டார். மாமனாருக்கு என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

பிப்ரவரி 15, சனி

வாங்கி வந்தது வலது கதவுப் பூட்டு. பொருந்தவே இல்லை. சென்னியப்பன் அண்ணன் சிரிப்பை அடக்கியதில் எனக்கு இன்னும் கோபம்.

அப்போதுதான் வாசலில் மாமா. வாரம் முழுக்க எட்டிப் பார்க்காதவர்! நான் ஒரு கை தூரத்தில் நிற்கிறேன், அத்தையைப் பார்த்துச் சொல்கிறார்: "காருக்கு முன்னால நின்னு பாத்துப்போட்டு வலதுன்னு சொல்லியிருக்குது. சீட்டுல உக்காந்து பாக்கோணும்னு சொல்லு."

அத்தை என்னிடம் திரும்பி, "கேட்டுதா?" என்றார்.

"கேட்டுதுங்க அத்தை."

உண்மையில் அவர் சொன்னதேதான் நான் செய்தது. அசடு! திட்டு வாங்கியும் இவ்வளவு சந்தோஷமாக இருந்தது இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 18, செவ்வாய்

நேற்று மாற்றி வாங்கி வந்தேன், இன்று சென்னியப்பன் அண்ணன் வந்து மாட்டினார்.

மாமா பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். திறந்தார். சாத்தினார். திறந்தார். நாங்கள் மூன்று பேரும் கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி நின்று பார்த்தோம். "மறுக்காவும் ஒடச்சுப்போடாதீங்க" என்றார் அத்தை. மாமா இறங்கி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "நாளன்னிக்கு எத்தன மணிக்குக் கெளம்போணும்னு அந்தப் புள்ளையக் கேளு" என்றார்.

நான் அடுப்படிக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். இந்த மனிதரை எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்பதே எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 20, வியாழன்

காலையிலேயே பின்சீட்டைத் துடைத்துத் துண்டு விரித்து வைத்திருந்தேன். மாமா வந்தார். பின்கதவைப் பார்த்தார். முன்கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்! அத்தை கேட்டைப் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றார்.

எங்கள் இட்டேரி மண்பாதை முடிந்து பொள்ளாச்சி மெயின் ரோட்டில் ஏறும் இடத்தில் எப்போதும் எனக்குப் பயம். வலப்பக்கம் திரும்ப வேண்டும். இடப்பக்கம் சுவர் மறைக்கும். பக்கத்தில் ஆள் இருக்கிற தைரியத்தில் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"மாமா, எடதுல வண்டி வருதுங்களா?"

திரும்பிப் பார்த்தேன். அவர் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கையும் முழங்காலை அழுத்திப் பிடித்திருந்தன.

"அந்தப் பக்கம் எனக்கு ஒண்ணுந் தெரியறதில்ல கண்ணு" என்றார். "கொஞ்ச நாளாவே அப்பிடித்தான். உங்கத்தைகிட்டச் சொல்லல. நீயே பாத்துக்க."

அவரைத் தாண்டிக் குனிந்து பார்த்தேன். ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது.

"பஸ்சு வருதுங்க மாமா. போகட்டும்."

"ம்."

ஆஸ்பத்திரி வரை ஒவ்வொரு திருப்பத்திலும் இடப்பக்கம் என்ன வருகிறது என்று சொல்லிக்கொண்டே போனேன். ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார்.